முன் அச்சுக்கு எந்தப் பூட்டு?

மேட்டுக் குடியிருப்பின் ஜீப்புக்கு, சிக்காமல் மேடேற முன் அச்சுப் பூட்டு ஒன்று வாங்குவது என்று குடியிருப்புக் குழுவினர் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். எந்தப் பூட்டு என்ற கேள்வி எழுந்ததும் அந்த ஒருமனம் வீட்டுக்கொரு மனமாக உடைந்தது. அன்றிலிருந்து, வண்டியை ஓட்டுகிற கியரக்காவுக்கு மண்டை காயத் தொடங்கியது.

கியரக்கா என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. அந்தக் குடியிருப்பில் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்த பெண் என்பதால், கேலியாகத் தொடங்கி மரியாதையாக நிலைத்த பெயர். ஆலை வேலைக்குப் போகிறவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், மூட்டை முடிச்சுகளும் அவள் கையை நம்பித்தான் மலைச்சரிவில் ஏறி இறங்கினார்கள். வாரம் இருமுறை அவளுடைய அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஆகவே ஊருக்கெல்லாம் அவர் செக்கர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பின், கீழே மருத்துவமனையில் இருந்த டயாலிசிஸ் இயந்திரம்தான் அவருடைய இரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தந்துகொண்டிருந்தது. போகும்போது வாய் ஓயாத செக்கர், வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாய் இருக்கையில் கிடப்பார்.

சென்ற மழைக்காலத்தில் அப்படிக் கிடந்தவரோடுதான் ஜீப் வெட்டுமேட்டில் சிக்கியது. மழைநீர் குறுக்கும் நெடுக்கும் அறுத்துப் போட்ட ஏற்றம் அது. ஒரு முன் சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கியபடி பம்பரமாய்ச் சுழன்றது. வண்டி அங்குலம் நகரவில்லை. பின் அச்சில் ஏற்கெனவே ஒரு பூட்டு இருந்தும் பயனில்லை. கொட்டுகிற மழையில் செக்கரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிச் சென்றார்கள். காய்ச்சலில் விழுந்தவர் தேறி எழுந்திருக்க நெடுநாள் ஆயிற்று.

கீழே ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் அன்றே சொல்லிவிட்டான்.

"இங்க பாரு, அடுத்த மழைக்குள்ள இந்த மேடு ஏறுற மாதிரி ஏதாவது பண்ணு. இல்லேன்னா அப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடுவேன். ஆஸ்பத்திரி என் கடைக்கு எதுத்தாப்புலதான்."

"எதுத்தாப்புல இருந்தா அங்கேயே ஒரு படுக்கை போட்டுக்கறேன், நீ எதுக்கு?" என்றார் செக்கர். "உன் வீட்டுல ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு. நான் யாரோட பேசுறது? கண்ணாடி விக்கிறவன் வீட்டுல என் மூஞ்சியையே பாத்துப் பேசிக்கணுமா?"

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பா மறுத்ததிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு பூட்டு. அதை அவள் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பட்டறையில் மெக்கானிக் அவளுக்கு வகுப்பெடுத்தான். எண்ணெய்க் கறை படிந்த மேசையில் இரண்டு பாட்டில் மூடிகளை வைத்து, நடுவில் ஒரு திருகாணியைப் படுக்க வைத்தான்.

"அக்கா, வண்டி வளையும்போது வெளிச்சக்கரம் அதிகமா ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும். அதுக்குத்தான் நடுவுல இந்த டிஃபரன்ஷியல். ஆனா ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கிடுச்சுன்னா, சுத்தெல்லாம் அது பக்கமே போயிடும். தரையில நிக்கிற சக்கரம் அசையாது."

"மண்ணுல காலூனி நிக்கிறவனுக்கு ஒண்ணும் கெடையாது. ஆகாசத்துல ஆடுறவனுக்கு மொத்தமும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"எவன்யா இப்படி ஒரு நியாயத்தைக் கண்டுபிடிச்சான்?"

"நல்லவங்கதான்க்கா. சமமான ரோட்டுல போறவங்க."

பூட்டு போட்டால் அந்த அநியாயம் தீரும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாகக் கட்டுண்டு ஒன்றாகச் சுழலும். ஒன்று தொங்கினாலும் மற்றது இழுக்கும். இதுவரை அவளுக்குப் பட்டப்பகல் போல் விளங்கியது. இதற்கு மேல்தான் இருட்டு.

"மூணு வகை இருக்கு," என்றான் மெக்கானிக். "ஒண்ணு தானியங்கி. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா பூட்டிக்கும், காலை எடுத்தா வளைவுல தானா விட்டுக்கொடுக்கும்."

"அதுவே போதுமே!"

"போதும்தான். ஆனா மிதிச்சுக்கிட்டே வளைச்சீங்கன்னா ஸ்டியரிங் நேரா இழுக்கும். சமயத்துல படார்னு விடும். ஆளைத் தூக்கிவாரிப் போட்டுடும்."

"அப்பாவுக்கு ஆகாது. அடுத்தது?"

"சுவிட்ச் வெச்சது. வேணும்னா பூட்டிக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். காத்துல வேலை செய்யும். குட்டியா ஒரு கம்ப்ரஸர் போடணும்."

"அப்ப அதான்."

"அதான்னு சொல்ல முடியாது. நீங்க சரியான நேரத்துல போடணும், சரியான நேரத்துல எடுக்கணும். மறந்துட்டு வளைச்சா ஆக்ஸில் ஒடஞ்சாலும் ஒடையும். மூணாவது, பாதிப் பூட்டு. ஸ்டியரிங்கைக் கெடுக்காது. ஆனா சக்கரம் முழுசா தொங்கிடுச்சுன்னா அது கையை விரிச்சிடும். அப்ப பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே ஆக்ஸிலரேட்டரையும் கொடுக்கணும். கிளட்சையும் பாத்துக்கணும்."

"எனக்கு இருக்கிறது ரெண்டே காலுய்யா!"

அடுத்த வாரம் போனபோது அதே மெக்கானிக் தானியங்கிதான் நல்லது என்றான். அதற்கடுத்த வாரம், முன் அச்சுக்குத் தானியங்கியைப் போடுகிறவனுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும் என்றான். கேட்டால், "நடுவுல ரெண்டு வண்டி பாத்தேன்க்கா," என்று தலையைச் சொறிந்தான். டிராக்டர் ஓட்டுகிறவர், "எங்களுக்கு ஒரு மிதி, பூட்டிக்கும், எடுத்தா விட்டுடும், இதுல என்ன பெரிய யோசனை?" என்றார். தண்ணீர் லாரிக்காரர், பூட்டே வேண்டாம், டயரில் காற்றைக் குறைத்தால் போதும் என்றார். கியரக்கா சமையலறையில் இரண்டு குவளைகளை மேசைமேல் உருட்டி உருட்டிப் பார்த்தாள். ஒரே வேகத்தில் உருட்டினால் நேராகப் போயின. வளைத்தால் ஒன்று தேய்த்துக்கொண்டு நின்றது. அதுவும் விளங்கியது, ஆனால் மேட்டில் தேவைப்பட்டது நேராகவா, வளைவாகவா? இரண்டுமே தேவைப்பட்டன. வெட்டுமேடு முடிகிற இடத்திலேயே பாதை முறித்தாற்போல் இடப்பக்கம் திரும்பியது. ஏறுவதற்குப் பூட்ட வேண்டும். ஏறியவுடனே திருப்புவதற்கு விட வேண்டும். எது இரண்டையும் செய்யும்?

"குவளையை உடைச்சிட்டு அதையும் குழுச் செலவுல எழுதிடாதே," என்றார் செக்கர் கட்டிலிலிருந்து.

குழுக் கூட்டத்திலோ குழப்பம் கொடிகட்டிப் பறந்தது. அங்கே ஒரு விதி: எதுவானாலும் எல்லா வீடும் ஒப்ப வேண்டும், வீட்டுக்கு ஒரு குரல். வளைவு வீட்டுக்காரர் ஒவ்வொரு தீர்மானத்திலும் எழுந்து நின்று, "ஒரு திருத்தம்!" என்பார். அதனால் அவருக்குத் திருத்தம் என்றே பெயர். அவர் தானியங்கிக் கட்சி. அதுவும் வெறிகொண்ட கட்சி.

"மனுஷன் மறப்பான். மெஷின் மறக்காது. சுவிட்சை நம்பி நம்ம பிள்ளைங்க உயிரை வைக்கலாமா?" என்று முழங்கினார்.

கைத்தட்டல் எழுந்தது. கியரக்காவும் தட்டினாள். தட்டி முடித்தபின்தான், தான் எதிர்க்கட்சி என்பது நினைவுக்கு வந்தது. எதிர்க்கட்சிதானா என்பதும் ஐயமாயிற்று.

மழைக்காலம் நெருங்கி வானம் கருக்கத் தொடங்கியது. அண்ணன் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வெள்ளையடித்துவிட்டான் என்று செய்தி வந்தது.

கடைசியில் மெக்கானிக் ஒரு வழி சொன்னான். சுவிட்ச் வைத்த பூட்டோடு ஒரு வாடிக்கையாளரின் ஜீப் பட்டறைக்கு வந்திருந்தது. இதே அளவு, இதே எடை. உடையவரிடம் கேட்டு, ஒரு நாள் வாங்கிக் கொடுத்தான். வெட்டுமேட்டில் அதை ஏற்றிப் பார்ப்பது, எல்லா வீடும் கண்ணால் காண்பது, பிறகு முடிவெடுப்பது.

விடுமுறை நாளின் காலையில் மேடெங்கும் ஆட்கள். மழையில்லாத குறையைத் தீர்க்க லாரிக்காரர் இரண்டு முறை தண்ணீர் அடித்து மண்ணைச் சேறாக்கியிருந்தார். அண்ணனும் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாய் நின்றான். வண்டி புறப்படும் நேரத்தில் செக்கர் முன்னிருக்கைக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"அப்பா, இது சோதனை. நீங்க எறங்குங்க."

"சோதனைக்குத்தானே செக்கர்? வாழ்நாள் பூரா வேற என்ன செஞ்சேன்? வண்டியை எடு."

எடுத்தாள். முதல் கியர். பள்ளங்கள் தொடங்குமுன் சுவிட்சை அழுத்தினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு முன் சக்கரம் மேலே எழுந்து அந்தரத்தில் நின்றது. சென்ற ஆண்டு இதே இடத்தில்தான் எல்லாம் நின்றுபோயிற்று. இப்போது மற்றச் சக்கரம் சேற்றைக் கவ்விப் பிடித்து, உறுமி, வண்டியை மேலே இழுத்தது. ஓரத்திலிருந்து விசில்கள் பறந்தன. உச்சி தெரிந்தது. வளைவு வந்தது. சுவிட்சை அணைத்தாள்.

விளக்கு அணையவில்லை.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருகினாள். அது கல்லாய் இருந்தது. வண்டி திரும்ப மறுத்து நேரே போனது. எதிரே ஒரு செங்கல் சுவர். பிரேக்கை மிதித்த மிதியில் செக்கரின் நெற்றி முன் கண்ணாடியைத் தொட்டு மீண்டது. ஜீப்பின் மூக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு பூனை நுழைந்து போகலாம்.

"ஸ்டாப் வந்துடுச்சா?" என்றார் செக்கர், நெற்றியைத் தடவியபடி.

மெக்கானிக் மூச்சிரைக்க ஓடிவந்தான். "பூட்டு திருகிக்கிட்டு நிக்குதுக்கா. சுவிட்சை எடுத்தாலும் உடனே விடாது. கொஞ்ச தூரம் நேரா ஓடவிட்டா, இறுக்கம் தளர்ந்து தானா விட்டுடும்."

"நேரா எங்கய்யா ஓடுறது? சுவருக்குள்ளயா?"

"முன்னாடியே எடுத்திருக்கணும்."

"முன்னாடி எடுத்தா சக்கரம் தொங்குதே!"

"அதுவும் சரிதான்," என்றான் அவன், நிஜமான குழப்பத்தோடு.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று திருத்தம் கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்தார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

அண்ணன், அப்பா இருந்த பக்கம் வந்து நின்று கதவைத் திறந்தான். அவரை இறக்கிக் கூட்டிக்கொண்டு போகிறவனின் நிதானம் அந்தக் கையில் இருந்தது. அதைக் கண்டதும் கியரக்கா கீழே குதித்து ஜீப்பைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ஒரு ஜீப் நீளம் நேரான இடம் கிடைத்தால் போதும். அந்த இடம் அங்கே இருந்தது. அதன்மேல்தான் சுவர் நின்றது.

அது திருத்தத்தின் சுவர். சேறு தெறிக்கிறது என்று ஒரு மழைக்காலத்தில் முழங்கால் உயரம் எழுப்பினார். அடுத்த மழைக்கு அதைச் சற்று வெளியே தள்ளிக் கட்டினார். அதற்கடுத்த மழைக்கு இன்னும் சற்று. பொதுப்பாதை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மெலிந்தது. பார்க்காதவர் யார்? எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் ஒதுங்கி நடந்தார்கள். அச்சுக்குள் இருக்கிற பல்சக்கரத்தைக் கழற்றி மாற்றத் துணிந்தவர்கள், கண்ணெதிரே நிற்கிற மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணியவில்லை! இரும்பு எதிர்த்துப் பேசாது. அண்டை வீட்டுக்காரர் பேசுவார். அந்த அச்சத்துக்குப் பொறுமை என்றும் பெருந்தன்மை என்றும் அயலார் ஒற்றுமை என்றும் பெயர் சூட்டி, மாதக்கணக்காகப் பூட்டைப் பற்றி வாதாடினார்கள். அவளும்தான் வாதாடினாள். நாள் தவறாமல் இந்தச் சுவரை உரசாமல் திருப்பிப் பழகிய கை, அதைச் சுவர் என்றே எண்ணாமல் மலையின் ஒரு பகுதியாக எண்ணிவிட்டது.

"அண்ணே," என்றாள் திருத்தத்தைப் பார்த்து. "இந்தச் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளணும்."

கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் வானத்தை ஆராய்ந்தார்கள்.

"சுவருக்கும் ஆக்ஸிலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் திருத்தம். அவர் முகத்தில் இருந்தது கள்ளமா, மெய்யான திகைப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வளைவில் தானாகவே விட்டுக்கொடுக்கும் தானியங்கிக்காக இத்தனை நாளும் தொண்டை கிழியப் பேசியது பிள்ளைகளுக்காகவா, சுவருக்காகவா? ஒருவேளை அவருக்கே தெரியாதோ?

"பூட்டு விடுறதுக்கு ஒரு ஜீப் நீளம் வேணும்ணே. அது உங்க சுவர்ல இருக்கு."

அவர் யோசித்தார். பழக்கம் விடவில்லை. "ஒரு திருத்தம். சுவர் இருக்கட்டும். பாதையை அந்தப் பக்கமா நகர்த்திக்கலாம்."

"எங்க நகர்த்துவீங்க? பள்ளத்துக்கா?"

குரல் சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. ஈரத்துணியும் கையுமாக அவருடைய மனைவி நின்றிருந்தார். தலை மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு ஒரு குரல் என்கிற விதியால் இத்தனை ஆண்டுகளில் ஒரு கூட்டத்திலும் ஒலிக்காத குரல். அந்த விதியை எழுதியவர்கள் நீதிமான்கள். ஒவ்வொரு வீட்டிலும் வாய் ஒன்றுதான் இருக்கிறது என்று எப்படியோ எண்ணிவிட்டார்கள்.

"நீ உள்ள போ," என்றார் திருத்தம்.

"எதுக்குப் போகணும்? இந்தச் சுவரால என் துணி காயவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவை நீங்க தள்ளிக் கட்டும்போதும், யாராவது வந்து கேப்பாங்க, அதை வெச்சு நானும் பேசலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தரும் வரல." கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னங்க பாக்குறீங்க? ஏன் கேக்கல?"

திருத்தம் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ," என்றார் ஒடுங்கிய குரலில். "நானே கட்டிட்டு, யாரும் ஒண்ணும் சொல்லலயேன்னு... சரின்னு நெனச்சுக்கிட்டேன்."

பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. ஓரமாய் நின்ற அண்ணன் லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, திருத்தத்தின் முன் நின்றான்.

"இடிக்கலாமாண்ணே? நீங்க சொன்னாத்தான்."

"உனக்கென்ன இதுல அவசரம்? நீதானே உங்கப்பாவைக் கீழ கூட்டிட்டுப் போகணும்னு சொன்ன?"

"ஆமா. ஆனா அவரு எங்கூட வர்றதுன்னா, மனசு வந்து வரணும். மேடேற வழி இல்லாம வரக் கூடாது."

திருத்தம் தலையசைத்தார். முதல் செங்கல் விழுந்ததும் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அந்த மூலையில இல்லப்பா, இங்க தட்டு, நான்தானே கட்டினேன்," என்று வழிகாட்டத் தொடங்கிவிட்டார். செக்கர் இருக்கையை விட்டு இறங்கவேயில்லை, "வேலை செய்யாதவங்க எல்லாம் இறங்கிடுங்க, பஸ் நிறைஞ்சிடுச்சு!" என்று வேடிக்கை பார்த்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் கியரக்கா மறுபடி ஏற்றினாள். சுவிட்ச், விளக்கு, தொங்குகிற சக்கரம், உச்சி. சுவிட்சை அணைத்துவிட்டு நேரே விட்டாள். சுவர் இருந்த இடத்தின்மேல் வண்டி ஓடியது. விளக்கு எரிந்தது, எரிந்தது, அணைந்தது. ஸ்டியரிங் கையில் இளகியது. திரும்பினாள்.

ஆரவாரம் அடங்குமுன் புதிய கேள்வி முளைத்தது. இவ்வளவு இடம் கிடைத்த பிறகு தானியங்கியும் திரும்புமே என்றார் ஒருவர். இவ்வளவு இடம் இருந்தால் பள்ளத்தைச் சாய்வாகக் கடக்கலாம், பாதிப் பூட்டே போதும் என்றார் மற்றொருவர். லாரிக்காரர் மறுபடி டயர் காற்றுக்கு வந்தார். மெக்கானிக்கைக் கேட்டால், "எல்லாம் சரிதான்," என்றான். எல்லாரும் கியரக்காவைப் பார்த்தார்கள்.

"சுவிட்ச் வெச்சது," என்றாள் அவள்.

"காரணம்?"

"எப்பப் பூட்டணும், எப்ப விடணும்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியல. ஆனா தெரியலங்கறதாவது எனக்குத் தெரியுது. நின்னு, யோசிச்சு, உங்களைக் கேப்பேன். அந்தத் தானியங்கி யாரைக் கேக்கும்?"

இது வாதமா, தோல்வியின் ஒப்புதலா என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆயினும் கைகள் உயர்ந்தன. வளைவு வீட்டிலிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டையும் எண்ணலாமா என்று குழுச் செயலர் விழித்தார். "எண்ணுய்யா!" என்று நாலைந்து பெண் குரல்கள் ஒருசேர எழுந்தன. எண்ணினார்.

பூட்டு வந்து பொருத்திய சில நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் முன்கண்ணாடிக்கு வெளியே உலகம் கரைந்து ஓடியது. செக்கர் பின்னிருக்கையில் கண்மூடிக் கிடந்தார். அவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். கடையை அடைத்துவிட்டு, ஏறுகிறதா பார்க்கிறேன் என்று கூடவே வந்திருந்தான். மேட்டின் அடியில் அவள் சுவிட்சை அழுத்தினாள். முன்னதாக அழுத்திவிட்டோமோ என்று எடுத்தாள். பயந்து மறுபடி அழுத்தினாள். விளக்கு மினுக்கியதா, எரிந்ததா? மழையில் எல்லாமே மினுக்கியது. ஒரு சக்கரம் எழுந்தது, எங்கோ விழுந்தது, வண்டி குலுங்கியது, சேறு கதவுகளை அறைந்தது. அவள் எதையெதையோ செய்தாள். திரும்பிய பிறகுதான், திரும்பிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பூட்டினியாம்மா?" என்றார் செக்கர் கண் திறவாமல்.

"பூட்டினேன்னு நெனைக்கிறேன்ப்பா."

"நெனைக்கிறியா?"

"அவ என்னமோ பண்ணினா," என்றான் அண்ணன். "நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கும் புரியல."

"வீடு தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப மழை விட்டதும் நீ இறங்கிப் போ. உன் வெள்ளையடிச்ச அறையில நீயே படுத்துக்க. மருமக ஒரு நாளாவது உன் குறட்டை இல்லாமத் தூங்கட்டும்."

அண்ணன் அப்பாவைத் தோளில் சாய்த்து இறக்கினான். கியரக்கா எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்தபடி அந்த மஞ்சள் விளக்கை உற்றுப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. எப்போது அணைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.